நான் அம்மாவைக் காவிரியில் மூழ்கடித்த மதியம்

என் ஒன்பதாவது வயதில், ஒரு பதினெட்டாம் பெருக்கு அன்று, பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, என் அம்மாவை நான் காவிரியில் மூழ்கடித்தேன். கையால் தொடவில்லை. மூன்றே மூன்று வார்த்தை சொன்னேன். மீதி வேலையை என் குடும்பத்தாரும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூடியிருந்த பொதுமக்களும் பார்த்துக்கொண்டார்கள்.

பொய் எனக்குப் புதிதல்ல. அந்த வயதுக்குள் ஏகப்பட்ட பொய்கள் சொல்லி முடித்திருந்தேன். ஆனால் ஒன்றைக்கூட ஒருவரும் நம்பியது கிடையாது. வயிற்றுவலி என்றால் அம்மா விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு வருவாள். சிலேட்டை யாரோ உடைத்துவிட்டார்கள் என்றால் வாத்தியார் நேராக என் காதைப் பிடிப்பார். நம்பாத பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை. நம்பிவிட்டால் அது என்னவெல்லாம் செய்யும் என்பதில் எனக்கு அன்றுவரை அனுபவம் போதாது.

அறுபதுகளின் தொடக்கம். பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பா பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் ஐந்து பிள்ளைகள், நான் நான்காவது. நான்காவது என்பது ஒரு தினுசான இடம். மூத்தவர்களின் பழைய சட்டையும் நமக்குத்தான், இளையதுக்கு விழ வேண்டிய அடியும் நமக்குத்தான். எனக்குக் கீழே ஒன்றரை வயதில் ஒரு தங்கை. இது போக, அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, உறையூரில் இருந்தாள். பண்டிகை என்றால் முதல் நாளே பையோடு வந்துவிடுவாள். சமையலில் கை வைக்க மாட்டாள். கருத்து மட்டும் சொல்லுவாள்.

ஆடி பதினெட்டுக்குள் காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருக்கும். அன்று பெண்கள் ஆற்றங்கரையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட்டு, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆண்கள் சாப்பிடுவார்கள். அதற்காக வீட்டிலிருந்து கலந்த சோறு ஐந்து தினுசு கிளறிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மா விடியும் முன்பே எழுந்து அதைச் செய்து முடித்து, ஐந்து பேரையும் குளிப்பாட்டி, அத்தைக்கு இரண்டு தடவை காபி போட்டு, கடைசியில் தான் சேலை மாற்றும்போது அப்பா வாசலில் நின்று, "இன்னும் என்ன அங்க?" என்று குரல் கொடுத்தார்.

பஸ்ஸில் மூவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் நான். பக்கத்தில் அம்மா. அவள் மடியில் தங்கை, காலடியில் புளிச்சோற்று அடுக்கு, தோளில் யாரோ ஒருவருடைய முழங்கை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அம்மா என் தலைக்கு மேலாக எட்டினாள்.

"தண்ணி எம்புட்டுடா வந்திருக்கு? ரெண்டு கரையும் தொட்டுடுச்சா? கொஞ்சம் நகந்துக்கயேன், பாத்துக்கறேன்."

நான் நகரவில்லை. ஜன்னலோரம் என்பது என் பிறப்புரிமை என்று எனக்கு ஒரு எண்ணம். "செவப்பா ஓடுது, நிறைய ஓடுது" என்று பெரிய மனது பண்ணி வாயால் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்சீட்டிலிருந்து அப்பா, "சின்னப் புள்ள மாதிரி என்ன எட்டிப் பாக்கறது? அடுக்கு சாயுது பாரு" என்றார். அம்மா நேராக உட்கார்ந்துகொண்டாள்.

படித்துறையில் கால் வைக்க இடமில்லை. குளித்து, கும்பிட்டு, கயிறு கட்டி, ஒரு அரசமரத்து நிழலைப் பிடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா புளிச்சோற்றில் ஒரு வாய் எடுத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இது என்னது? சமுத்திரத் தண்ணியில கிளறினியா?"

"நான் வாயே தொறக்கலப்பா," என்று அத்தை வாயைத் திறந்தாள். "அப்பவே கேட்டேன், ஒரு வாய் ருசி பாக்கட்டுமான்னு. எல்லாம் சரியா இருக்குன்னுட்டா."

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "அம்மா, உப்பு மூட்டையில கொஞ்சம் புளிச்சோறு சிந்திடுச்சா?" என்றேன். பக்கத்து மரத்தடிக் குடும்பம் வரைக்கும் சிரித்தது. நான் சொன்ன ஜோக்குக்கு அப்பா சிரித்தது அதுதான் முதல் தடவை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பா இலையில் தேங்காய்ச்சோற்றை வைத்தாள்.

சாப்பாடு முடிந்தது. அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மரத்தடியில் தூங்கிப்போனார். அத்தை என் அக்காவைக் கூட்டிக்கொண்டு வளையல் கடைப் பக்கம் போனாள். அண்ணன்கள் இருவரும் சப்பரம் இழுக்கப் போய்விட்டார்கள். சின்னக் கட்டைத் தேருக்குச் சக்கரம் வைத்துக் கயிறு கட்டி இழுப்பது அன்றைக்குப் பையன்களின் உத்தியோகம். என் சப்பரத்துக்குக் காலையிலேயே சக்கரம் கழன்றுவிட்டதால் நான் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். காலையில் குளித்த ஈரச்சேலை, மயில்கழுத்து நிறம், நான்கு மூலையிலும் கல் பாரத்தோடு படியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் தலையை ஒரு முறை வாரிக்கொண்டு, தூங்குகிற தங்கையை என் பக்கத்தில் போட்டாள். பிறகு சர்க்கரைப் பொங்கல் சட்டியை என்னிடம் நகர்த்தினாள். அடியில் முந்திரி மொத்தமும் கிடந்தது.

"எல்லாம் உனக்குத்தான். கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வரேன். பாப்பாவப் பாத்துக்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

"எங்கம்மா?"

"இந்தா வந்துடறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறி ரோட்டுப் பக்கம் போனாள். ஏறிப் போனாள், இறங்கிப் போகவில்லை. இது அன்று உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். என் வாயில் அப்போது முந்திரி இருந்தது.

சட்டியை நான் வழித்து முடித்து, விரலையும் முடித்து, நெடுநேரம் ஆயிற்று. அம்மா வரவில்லை. அத்தைதான் வந்தாள்.

"எங்கடா உங்கம்மா?"

சொல்லக் கூடாது என்று முந்திரி வாங்கித் தின்றிருக்கிறேன். ஆற்றங்கரையில் இருப்பவனுக்குச் சட்டென்று கிடைக்கிற பொய் எதுவோ அதைச் சொன்னேன்.

"அம்மா குளிக்கப் போயிருக்கு."

"மறுபடியுமா? காலையிலதான குளிச்சா?"

"வேர்த்துச்சாம்."

பொய்க்கு ஒரு சின்னக் காரணம் சேர்த்தால் நிற்கும் என்பது என் சித்தாந்தம். நின்றுவிட்டது. அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்துப் படித்துறையைப் பார்த்தாள். நூறு பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"எந்தப் பக்கம்டா இறங்கினா?"

இது எதிர்பாராத கேள்வி. பிசுபிசுத்த விரலால் ஏதோ ஒரு பக்கம் காட்டினேன். விரல் போன திக்கில் மயில்கழுத்துச் சேலை கிடந்தது. அதைக் காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அத்தை போய் அதை எடுத்தாள். வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"பொடவ கெடக்கு... ஆளக் காணும்."

முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது பாதிப் படித்துறை திரும்பிப் பார்த்தது. மூன்றாவது தடவைக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது சொன்னால் அத்தையிடம் ஒரு அறை, அம்மா வந்ததும் அவளிடம் ஒன்று, ஆக இரண்டு. கொஞ்சம் பொறுத்தால் அம்மாவே வந்துவிடுவாள், அறையே இல்லை. பொறுத்தேன். பொறுக்கப் பொறுக்கக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. இனிமேல் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்ற கட்டம் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்பா என் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தார். அவர் என் உயரத்துக்கு இறங்கிப் பேசி நான் பார்த்ததில்லை.

"டேய், அம்மா போறப்ப என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணுமே சொல்லல." யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை எவ்வளவு உத்தமமாகக் காப்பாற்றுகிறேன் பார்த்தீர்களா.

"அழுதாளா?"

"தெரியலப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தையைப் பார்த்தார். "அக்கா, உப்புன்னு ஒரு வார்த்த சொன்னேன்" என்றார். "அது ஒரு பேச்சா? அதுக்காகவா?" எதற்கும் பதில் வைத்திருக்கிற அத்தை, சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். அதுதான் எனக்கு முதல் பயம். அத்தை வாயை மூடினால் விஷயம் பெரிது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்கரைச் சிந்தாமணிக்காரப் பையன்கள் இரண்டு பேர் குதித்து முங்கினார்கள். ஒரு பரிசல்காரர் துடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆளாளுக்குப் பேசினார்கள்.

"எந்த ஊருங்க?"

"பொன்மலையாம். அஞ்சு புள்ளையாம். கைக்குழந்த வேற."

"புருசன் ஏதோ சொல்லிட்டானாம்."

"அந்தக் கல்லுகிட்டச் சுழி இருக்குங்க. இழுத்துச்சுன்னா விடாது."

அப்போது ஒரு பெண், தலையில் ஈரத்துணி சுற்றியிருந்தவள், முன்னால் வந்து சொன்னாள்: "நான் பாத்தேங்க. கைய மட்டும் ஒரு தடவ தூக்கினா. குளிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சொன்ன பொய்க்குச் சாட்சி கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், "மயில்கழுத்துச் சேலதானே? ஆமா" என்றார். சேலை அத்தை கையில் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்றால் இருக்கும். ஒருவேளை அம்மா ரோட்டுப் பக்கம் போய்விட்டு வேறு வழியாகத் திரும்பி வந்து இறங்கியிருப்பாளோ? உப்பு மூட்டை என்று நான் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அப்பா சொன்னதற்குக்கூட அவள் முகம் வாடவில்லை. நான் சொன்ன பிறகுதானே எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்? நான் சொன்ன பொய்யை நானே நம்பி, தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன். தங்கை விழித்துக்கொண்டு அவளும் அழுதாள். பார்த்தவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. வருஷா வருஷம் முழங்கால் தண்ணீரில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவர். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் இறங்கினார். இடுப்பு வரை போனார். யாரோ, "சார், அங்க போகாதீங்க சார்" என்றார்கள். மார்பு வரை போனார். சட்டை காற்றடைத்து முதுகில் உப்பியது.

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதே இல்லை. "இந்தா" என்பார், "என்ன அங்க" என்பார், ரொம்ப அவசரமென்றால் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அம்மா வருவாள். அம்மாவுக்குப் பெயர் இருப்பது ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி அப்பா தண்ணீருக்குள் நின்று கத்தினார். முதல் தடவை குரல் சரியாக வரவில்லை. பழக்கமில்லாத வார்த்தையை வாய் தேடுகிற மாதிரி இருந்தது. அடுத்த தடவை கரை முழுக்கக் கேட்டது. கடைசி எழுத்தை இழுத்து, இழுத்த இடத்தில் குரல் பிசிறி, மறுபடியும், மறுபடியும், நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை, அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி,

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு!" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த அடி வைத்தார். வைத்த இடத்தில் படி இல்லை.

தலை உள்ளே போனது. ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது. ஈரத்துணிக்காரி சொன்ன அதே மாதிரி. இந்தத் தடவை அது பொய்யில்லை.

நான் எழுந்து நின்று கத்தினேன்: "அம்மா தண்ணியில இல்ல! அம்மா ரோட்டுப் பக்கம் போச்சு! நான் பொய் சொன்னேன்! அப்பாவப் பிடிங்க!"

என் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் சொன்ன உண்மை அது. ஒருவரும் நம்பவில்லை. அத்தை என்னை இழுத்து அணைத்து, "ஐயோ, புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுடுச்சே" என்று கதறினாள். "நெசமாத்தான் அத்தை!" என்றேன். "பாவம், அப்படித்தான் சொல்லும், மனசு ஏத்துக்காது" என்றார் ஒருவர். ஒரு அம்மாள் என் முகத்தில் தண்ணீரைச் சுளீரென்று அடித்தாள். இன்னொருவர் வாயைத் திறக்கச் சொல்லி விபூதியைப் போட்டார். உண்மையைச் சொல்லச் சொல்ல விபூதியின் அளவு கூடியது. விபூதிக்கு நடுவே ஆற்றைப் பார்த்தேன். சிந்தாமணிப் பையன் ஒருவன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். பரிசல்காரர் துடுப்பை நீட்டினார். இழுத்துப் படியில் போட்டார்கள். அப்பா இருமினார், தண்ணீரைக் கக்கினார், எழுந்து மறுபடியும் ஆற்றுக்குள் இறங்கப் பார்த்தார். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசி வரிசையில், குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டு, மற்ற பெண்களோடு சேர்ந்து "உச்சு" கொட்டியபடி, என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"யாருங்க, பாவம்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"பொன்மலைக்காரிங்க. அஞ்சு புள்ளய விட்டுட்டுப் போயிட்டா."

"ஐயோ, எங்க ஊராச்சே!" என்று அம்மா மார்பில் கை வைத்தாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியது. பிறகுதான் அத்தை கையில் இருந்த சேலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு படியில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"ஏங்க!" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அத்தை ஒரு அலறல் அலறினாள். பேய் என்று நினைத்தாளோ என்னவோ. அப்பா எழுந்தார். நனைந்த வேட்டி காலைத் தடுக்க, தடுக்க, அம்மாவை நோக்கி நடந்தார். அப்பாவின் கை கனமான கை. எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். அம்மாவின் எதிரில் வந்து நின்றார். கை மேலே போனது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். மேலே போன கை தன் தலையிலேயே போய் உட்கார்ந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க போன?" மூச்சு வாங்கியது.

"பஸ்ல போனேங்க."

"எங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அதே பஸ்ல திரும்பி வந்துட்டேன். பாலத்துல ஒரே கூட்டம், பஸ்ஸு நகரவே இல்ல. இல்லாட்டி அப்பவே வந்திருப்பேன்."

அத்தைக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "சத்திரத்துல என்ன வாங்கின?"

"ஒண்ணும் வாங்கல அண்ணி."

"யாரப் பாத்த?"

"யாரையும் பாக்கல. எறங்கவே இல்லியே."

"அப்ப எதுக்குடி போன?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். இருநூறு பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "சும்மா" என்றாள். "ஜன்னலோரமா எடம் இருந்துச்சு."

கூட்டத்துக்கு இது பெரிய ஏமாற்றம். அதுவரை உச்சு கொட்டியவர்கள், "நல்லா இருக்கு கூத்து" என்றும், "குடும்பப் பொம்பள செய்யற வேலையா" என்றும் கலைந்தார்கள். ஈரத்துணிக்காரியைக் காணவே காணோம். அம்மா பரிசல்காரருக்கும் அந்தப் பையன்களுக்கும் இலை போட்டுச் சோறு வைத்தாள். பரிசல்காரர் நிதானமாகச் சாப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்கும்மா. புளிச்சோத்துல மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார். அத்தை காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு உறையூருக்குக் கிளம்பினாள். போகும் முன் அடுப்படியில் அம்மாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அதுவரை என்னை ஒருவரும் அடிக்கவில்லை. அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. அடியை யாரோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். "டேய், இங்க வா."

அடுப்படிக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். நான் கண்ணால் ஆயுதங்களைத் தேடினேன். கரண்டி இருந்தது, ஊதுகுழல் இருந்தது, விறகுக்குப் பஞ்சமே இல்லை.

"உக்காரு. யாருகிட்டயும் சொல்லாதன்னுதான சொன்னேன்? என்னத் தண்ணியில தள்ளச் சொன்னேனா?"

"தள்ளலம்மா. குளிக்கத்தான் அனுப்பினேன்."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா கோபமா என்று தெரியாததால் நான் பேச்சை மாற்றினேன். "பஸ்ல அப்படி என்னம்மா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லடா. காத்து வந்துச்சு. பாலத்து மேல போறப்ப ரெண்டு பக்கமும் தண்ணி. கரையில கும்பலாத் தெரிஞ்சுச்சு. யாரோ பாவம்னு கும்புட்டுக்கிட்டேன். மடியில ஒண்ணும் இல்ல. கண்டக்டர் டிக்கெட்னு கேட்டதத் தவிர யாரும் என்ன ஒண்ணும் கேக்கல." அரிசியை முறத்திலிருந்து சட்டியில் கொட்டினாள். "சந்தோசமா இருந்துச்சு."

எனக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. சத்திரம் வரைக்கும் போய், ஒரு கடலை மிட்டாய்கூட வாங்காமல் திரும்பி வந்துவிட்டு, சந்தோஷம் என்கிறாள்.

"அது கெடக்கட்டும்," என்றாள் அம்மா. அரிசி களைகிற சாக்கில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அப்பா தண்ணிக்குள்ள நின்னு என்னமோ கத்தினாராமே. அத்தை சொன்னாங்க."

அதில் முக்கியமானது எது என்று எனக்குத் தெரியும். "உப்பு சரியாத்தான் இருந்துச்சுன்னு கத்தினாரும்மா!"

அம்மா சிரித்தாள். அரிசிக் கையோடு சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அது இல்லடா. அதுக்கு முன்னாடி."

நான் உஷாரானேன். பெற்ற தாயின் பெயரை என் வாயால் சொல்லவைத்து அதற்குத் தனியாக அடி விழும் திட்டம் இது.

"எனக்கு ஞாபகம் இல்ல."

"அடிக்க மாட்டேன். சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"இப்பிடியா சொன்னாரு? ரேஷன் கடையில கூப்பிடற மாதிரி? அவரு எப்பிடிக் கத்தினாரோ அப்பிடிச் சொல்லு."

எழுந்து நின்றேன். வேறு வழியில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, கடைசி எழுத்தை இழுத்து, அப்பாவுக்குப் பிசிறிய இடத்தில் நானும் பிசிறி, அந்தச் சின்ன அடுப்படி அதிரும்படி அம்மாவின் பெயரைக் கத்தினேன். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. சுர்ரென்று சத்தம் வந்தது. அம்மா திரும்பவில்லை.

"இன்னொரு தடவ."

பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால் பத்து தடவை எழுதச் சொல்வார்கள். வீட்டில் கத்தச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன தடவடா கூப்பிட்டாரு?"

அப்பா எத்தனை தடவை கூப்பிட்டார் என்பதற்குக் கணக்கே இல்லை. தலை தண்ணீருக்குள் போகிற வரைக்கும் கூப்பிட்டார், மேலே வந்து இருமுகிறபோதும் கூப்பிட்டார். அத்தனையும் சொன்னால் அத்தனை தடவையும் என்னைக் கத்தச் சொல்லுவாள். எனக்கோ ஏற்கெனவே தொண்டை கட்டிவிட்டது.

"நாலு தடவதாம்மா" என்றேன்.